அடுப்பு 3,000, புகைபோக்கி 4,000: ஒன்ராறியோவில் விறகால் வீடு சூடாக்கும் கணக்கு

கடையில் விறகு அடுப்பில் தொங்கும் விலைச்சீட்டை மட்டும் பார்த்துக் காசு ஒதுக்குகிறவர்கள், அநேகமாகப் பாதி வேலையில் கை பிசைந்துகொண்டு நிற்பார்கள். அடுப்பு என்பது கடைசியில் ஓர் இரும்புப் பெட்டி. அதன் புகையைக் கூரைக்கு மேலே கொண்டுபோய்விட்டு, சுவரையும் தரையையும் காப்பாற்றி, நகரசபையிடமும் காப்புறுதிக்காரரிடமும் தலையாட்டு வாங்கி முடிக்கும்போதுதான் உண்மையான விலை தெரியும். லின்ட்சே, பீற்றர்பரோ, ஹலிபேர்ட்டன் பக்கம் நிலத்தோடு வீடு பார்க்கிற நம்மவர்களுக்காக, ஒன்ராறியோவை வைத்தே கணக்கைச் சொல்கிறேன். விலைகள் கனடிய டொலரில், தோராயமானவை. கடைக்குக் கடை, ஊருக்கு ஊர் கூடிக் குறையும்.

முதலில் மனதைக் குளிரவைக்காத ஒரு விஷயம். உங்கள் தெருவில் இயற்கை எரிவாயுக் குழாய் போகிறதென்றால், காசு மிச்சம் பிடிக்க விறகுக்கு மாறாதீர்கள். மிச்சம் வராது.

10 லட்சம் பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் வீட்டுக்குள் வந்து சேர எவ்வளவு செலவாகும் என்று பார்த்தால் எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்கலாம். நன்றாகக் காய்ந்த சுகர் மேப்பிள் ஒரு புஷ் கோர்ட்டில், அதாவது 128 கன அடி விறகு அடுக்கில், ஏறத்தாழ 2.4 கோடி பி.டி.யு. இருக்கும். இன்றைய நல்ல அடுப்பு அதில் 70 சதவீதத்தை வீட்டுக்குள் தரும், மீதி புகைபோக்கி வழியே போய்விடும். கையில் நிற்பது 1.7 கோடி. ஒரு புஷ் கோர்ட் 400 டொலர் என்றால் 10 லட்சத்துக்கு 24 டொலர். அதே வெப்பத்துக்கு எரிவாயு 30 கன மீற்றர் வேண்டும். கன மீற்றர் 40 சதம் என்றாலும் 12 டொலர்தான். சுவரின் அடியில் பூட்டும் பேஸ்போர்ட் மின் ஹீற்றர் என்றால் 293 யூனிட். யூனிட் 13 சதப்படி 38 டொலர். புரோபேன் 44 லீற்றர், லீற்றர் 80 சதப்படி 35 டொலர். சூடாக்கும் எண்ணெய் 32 லீற்றர், லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 48. வெளிக்காற்றின் சூட்டை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இரண்டரை யூனிட் வெப்பம் தந்தால் 15 டொலரில் முடிந்துவிடும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள், வரிசை பெரிதாக மாறாது.

ஆகவே காசு கொடுத்து வாங்கும் விறகு எரிவாயுவிடமும் ஹீட் பம்பிடமும் தோற்கும். எண்ணெய், புரோபேன், பேஸ்போர்ட் மூன்றையும் வெல்லும். எரிவாயுக் குழாய் போகாத நாட்டுப்புற வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். அதனால்தான் விறகு அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. இன்னொரு காரணம் மின்வெட்டு. 1998 ஜனவரியில் பெய்த உறைமழையில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் சில இடங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கம் மறுபடியும் அதே கூத்து. எரிவாயு பர்னஸுக்கும் விசிறி ஓட மின்சாரம் வேண்டும், விறகு அடுப்புக்கு வேண்டாம். அந்த நிம்மதிக்கு என்ன விலை என்பதை அவரவர்தான் தீர்மானிக்க வேண்டும். கணக்குத்தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

புகைபோக்கியே தலைவன்

அடுப்பை எங்கே வைப்பது என்று யோசிக்காதீர்கள். புகைபோக்கி எந்த வழியாகப் போகும் என்று யோசியுங்கள், அடுப்பு அதற்குக் கீழே தானாக வந்து நிற்கும். செலவு, இழுவை (புகையை மேலே இழுக்கும் ஓட்டம்), துப்புரவு எல்லாம் இந்த ஒரு தீர்மானத்தில் அடங்கியிருக்கிறது.

மலிவான வழியும் சிறந்த வழியும் இங்கே ஒன்றே: அடுப்பின் தலையிலிருந்து வளைவே இல்லாமல் நேரே மேலே, வீட்டின் சூட்டுக்குள்ளேயே ஏறி, கூரையின் முகட்டுக்குப் பக்கத்தில் வெளியே வருவது. சூடான குழாயில் புகை தானாக மேலே ஓடும். முகட்டருகே வெளிவந்தால் கூரைக்கு மேலே நீட்ட வேண்டிய குழாயும் குறையும்.

அந்த நீளத்துக்கு ஒரு விதி உண்டு. கூரையைத் துளைத்து வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயரம், அதோடு 10 அடி கிடைத்தூரத்துக்குள் இருக்கும் எதையும் விட 2 அடி உயரம். சரிவான கூரையின் தாழ்ந்த ஓரத்தில் புகைபோக்கியை வெளியே எடுத்தால், பக்கத்தில் ஏறிப்போகும் கூரையே அந்த 10 அடிக்குள் வந்துவிடும். அதைத் தாண்ட 7, 8 அடி குழாயை வெட்டவெளியில் நிறுத்த வேண்டி வரும். பொதுவாக 5 அடிக்கு மேல் போனால் கூரையிலிருந்து தாங்குகால் கொடுத்துக் கட்ட வேண்டும். குழாய்க்கும் காசு, தாங்குகாலுக்கும் காசு. போதாததற்கு அந்த 8 அடியும் குளிரில் விறைத்து, உள்ளே புகையின் கீல் (தார்) படியும் இடமாகிவிடும்.

குழாயில் இரண்டு வகை, இரண்டையும் குழப்பக்கூடாது. அடுப்பிலிருந்து உட்கூரை வரை வருவது இணைப்புக் குழாய். உட்கூரையைத் தொட்டதிலிருந்து மேலே போவது இன்சுலேஷன் வைத்த துருப்பிடியாத புகைபோக்கி. இது யு.எல்.சி. எஸ்629 என்ற கனடியப் பாதுகாப்புத் தரத்தில், 650 பாகை செல்சியஸ் வகையாக இருக்க வேண்டும். இணைப்புக் குழாயைத் தனிச்சுவரில் வாங்கினால் மலிவு. ஆனால் எரியக்கூடிய எதற்கும் 18 அங்குலம் விலகி நிற்க வேண்டும். இரட்டைச்சுவர் என்றால் வழக்கமாக 6 அங்குலம் போதும், சூட்டையும் உள்ளே வைத்திருக்கும். சின்ன அறையில் அந்த 12 அங்குல வித்தியாசம் சோபா வைக்கிற இடம். இரட்டைச்சுவருக்கே காசு போடுங்கள்.

குழாய் பூட்டும்போது திரும்பத் திரும்ப நடக்கும் பிழை ஒன்று. தனிச்சுவர்க் குழாயின் ஒரு முனை சுருக்கப்பட்டிருக்கும். அந்தச் சுருங்கிய முனை கீழே, அடுப்பைப் பார்க்க இருக்க வேண்டும். புகைதான் மேலே போகிறதே, சுருங்கிய முனையும் மேலே பார்த்தால்தானே புகை கசியாது என்று தோன்றும். எப்படிப் பூட்டினாலும் புகை கசியாது, ஏனென்றால் உள்ளே இழுவை இருக்கிறது. கசிவது கிரியோசோட், அதாவது குழாயின் உள்சுவரில் படிந்து கீழே வழியும் கறுப்புக் கீல். மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் இறங்கியிருந்தால் அது உள்ளேயே வழிந்து அடுப்பில் விழுந்து எரிந்துபோகும். தலைகீழாகப் பூட்டினால் ஒவ்வொரு மூட்டிலும் வெளியே வழிந்து, குழாயில் காய்ந்து, வீடு முழுக்கத் தார் நாற்றம். ஒவ்வொரு மூட்டுக்கும் 3 திருகாணி. இரண்டு போட்டுவிட்டு மூன்றாவதை மறக்கக்கூடாது. புகைபோக்கிக்குள் தீப்பிடித்தால் குழாய் அதிரும் அதிர்வில் கழன்று விழாமல் பிடித்துக்கொள்பவை அவைதான்.

அட்டிக்கில், அதாவது உட்கூரைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியில், இன்னொரு பொறி. புகைபோக்கிக்கும் மரத்துக்கும் இடையே 2 அங்குல வெற்றிடம் விடுவது வழக்கம். உங்கள் புகைபோக்கிக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும். வெறும் காற்று மட்டும் நிற்க வேண்டிய இடம் அது. இன்சுலேஷன் ஊதுகிறவர் வந்து அந்த இடைவெளியையும் நல்ல மனதோடு நிரப்பிவிட்டுப் போவார். சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கும். அதைத் தடுக்கத்தான் 100 டொலர் அளவில் ஒரு தகரக் கவசம் விற்கிறார்கள். பட்டியலில் இருந்து அதை வெட்டாதீர்கள்.

ஒரு தட்டு வீட்டுக்கு முழு பில்

1,500 சதுர அடி, ஒரே தட்டு, அடுப்பு இருப்பறையில், புகைபோக்கி நேரே மேலே. எரியறை 2 முதல் 2.5 கன அடி கொண்ட நடுத்தர அடுப்பு. பில் ஏறத்தாழ இப்படி வரும்:

அடுப்பு: 3,000
இரட்டைச்சுவர் இணைப்புக் குழாய் 5 அடி, அடாப்டருடன்: 450
உட்கூரைத் தாங்கி: 250
அட்டிக் கவசம்: 100
கூரைத் தகடும் மழைநீர் வளையமும்: 200
தொப்பி: 140
இன்சுலேஷன் புகைபோக்கி, 3 அடித் துண்டு 4: 1,100
தரைப் பலகை: 400
கூலி: 1,800
எச்.எஸ்.ரி. (விற்பனை வரி) 13 சதவீதம்: 967
பெர்மிட்: 200
பரிசோதனை, வரியுடன்: 350

கூட்டினால் 8,957. கையில் 9,000, சட்டைப்பையில் இன்னொரு 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயும் அதன் பாகங்களும் 2,240, கூலியில் பெரும்பங்கும் அதற்கே. ஆக, அடுப்பு 3,000 என்றால் புகைபோக்கி 4,000.

அடுப்பில் 2,200 டொலரிலிருந்து 4,500 வரை தெரிவு இருக்கிறது. கியூபெக்கில் செய்யும் டிரோலே மலிவுப் பக்கம், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பசிபிக் எனர்ஜி நடுவில், புளேஸ் கிங்கின் வினையூக்கி அடுப்புகள் மேலே. வினையூக்கி வகை மெதுவாக, நீண்ட நேரம் எரியும். ஆனால் அந்த வினையூக்கி சில வருடங்களில் தேய்ந்துபோகும், மாற்ற 300, 400 டொலர் ஆகும். இரவு எழும்பி விறகு போட மனமில்லாதவர்கள் அதற்குக் காசு கொடுக்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண வகை போதும். எது வாங்கினாலும் பெரிதாக வாங்காதீர்கள். 3.5 கன அடி அடுப்பைச் சின்ன வீட்டில் வைத்தால் வீடு சூளையாகும். சூளையைத் தணிக்கக் காற்று லீவரை மூடுவீர்கள், தீ புகைந்து புகைபோக்கி அடைக்கும். பெரிய அடுப்பு வாங்கியவர் வீட்டில்தான் புகைபோக்கி அடிக்கடி அழுக்காகிறது.

இதே அடுப்பைப் பேஸ்மென்டில் வைத்து, சுவரைத் துளைத்து, வெளிச்சுவரோடு குழாயை ஏற்றினால்? இன்சுலேஷன் குழாய் 24 அடி, அதாவது 3 அடித் துண்டு 8. அதற்கே 2,200. சுவர் ஊடுகுழாய், அடியில் துப்புரவு மூடி வைத்த T வடிவ இணைப்பு, சுவர்த் தாங்கி, இடையிடையே பட்டிகள் என்று இன்னொரு 700, 800. கூலியும் ஏறும். முதல் கணக்கைவிட 2,500 டொலர் கூடக் கொடுத்து, வாங்குவது தரத்தில் தாழ்ந்த பொருள். வெளியே நிற்கும் குழாய் குளிர்ந்து கிடக்கும். சூடான வீடே ஒரு புகைபோக்கி மாதிரி, மேலே காற்றைத் தள்ளி கீழே உறிஞ்சும். அந்த உறிஞ்சலில் வெளிக்குழாயின் குளிர்காற்று கீழே இறங்கி அடுப்புக் கதவுக்குப் பின்னால் காத்திருக்கும். நெருப்புக்குச்சி கிழித்தால் புகை முகத்துக்கே வரும். பேஸ்மென்ட் அடுப்பை விற்கிறவர் சூடு மேலே ஏறும் என்று சொல்வார். ஏறும், ஆனால் முதலில் இன்சுலேஷன் இல்லாத கொங்கிரீட் சுவர் வழியே மண்ணைச் சூடாக்கிவிட்டு மிச்சம்தான் ஏறும்.

ஏற்கெனவே செங்கல் புகைபோக்கியும் திறந்த கணப்பும் இருக்கும் வீடுகளில், கணப்புக்குள் செருகும் அடுப்பு வைக்கலாம். அதற்கு மேலே வரை 6 அங்குலத் துருப்பிடியாத உட்குழாய் ஒன்று இறக்க வேண்டும், குழாய் மட்டும் 900 முதல் 1,600. செங்கல் புகைபோக்கி இருக்கிறதே, இது எதற்கு என்று அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். 6 அங்குல வட்டத்தின் பரப்பு 28 சதுர அங்குலம். பழைய களிமண் குழாய் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். அவ்வளவு அகலத்தில் புகை வேகம் குறைந்து, ஆறி, கீலாகப் படியும். அடுத்த பனிக்காலத்துக்குள் செங்கல் வழியே கறுப்பு ஊறிக் காட்டும்.

வீடு முழுக்கக் குழாய்வழிக் காற்று அனுப்பும் விறகு பர்னஸும் உண்டு, வீட்டுக்கு வெளியே கொட்டகை மாதிரி நிற்கும் கொதிகலனும் உண்டு. வெளிக்கொதிகலன் நிலத்தடிக் குழாய்களோடு 15,000, 20,000 என்று போகும். சில ஊராட்சிகளில் அதற்குக் கட்டுப்பாடுகளும் உண்டு. பல ஏக்கர் சொந்தக் காடு இல்லாதவர் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

சுவரில் ஓடு ஒட்டினால் போதாது

அடுப்பின் பின்பக்கம் ஒரு தகட்டில் எல்லாம் எழுதியிருக்கும்: பின்சுவருக்கு எத்தனை அங்குலம், பக்கச்சுவருக்கு எத்தனை, மூலையில் வைத்தால் எத்தனை. அந்த எண்கள்தான் சட்டம். தகடு இல்லாத பழைய அடுப்பு இணையத்தில் 300 டொலருக்குக் கிடைக்கும். சான்றில்லாத அடுப்பைச் சுற்றி விறகு அடுப்பு பூட்டுவதற்கான சி.எஸ்.ஏ. பி365 விதி கேட்பது 48 அங்குலம். நான்கு அடி. அறையின் நடுவில்தான் வைக்க வேண்டும். அந்த 300 டொலர் மலிவு அங்கேயே முடிந்தது.

இடைவெளியைக் குறைக்கக் கவசம் வைக்கலாம். ஆனால் சுவரில் ஓடோ கல்லோ நேரே ஒட்டுவது கவசம் இல்லை. அளவு எடுக்க வேண்டியது ஓட்டின் முகத்திலிருந்து அல்ல, அதற்குப் பின்னால் உள்ள எரியக்கூடிய சுவரிலிருந்து. கல் சூட்டை வாங்கி அப்படியே உள்ளே கடத்தும். பல வருடம் வறுபட்ட மரம் உள்ளே கரியாகி, பிறகு சாதாரண மரம் எரியாத சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். ஐந்து வருடம் ஒன்றும் ஆகவில்லையே என்பது இங்கே ஆறுதல் அல்ல. ஒழுங்கான கவசம் என்பது தகரமோ சிமென்ட் பலகையோ, சுவரிலிருந்து 1 அங்குலம் தள்ளி, எரியாத முட்டுகளில் நிற்க வேண்டும், கீழேயும் மேலேயும் திறந்திருக்க வேண்டும். கீழே குளிர்காற்று நுழைந்து மேலே சூடாக வெளியேறும். சுவரைக் காப்பது அந்த ஓடும் காற்றுதான்.

தரைக்கு: கதவுப் பக்கம் 18 அங்குலம், மற்றப் பக்கங்களில் 8 அங்குலம் வெளியே நீளும் எரியாத பலகை. சில அடுப்புகளுக்குத் தணல் தெறிக்காமல் காத்தால் போதும், சிலவற்றுக்கு அடிச்சூட்டையும் தடுக்கும் தடிப்பு வேண்டும். எது என்று கையேட்டில் இருக்கும். பலகை வாங்கிய பிறகு கையேட்டைத் திறப்பவர்கள் இரண்டாவது பலகைக்கும் காசு கொடுப்பார்கள்.

காப்புறுதிக்கு முதல் அழைப்பு

அடுப்புக் கடைக்குப் போகுமுன் உங்கள் காப்புறுதிக்காரரைக் கூப்பிட்டு மூன்று கேள்வி கேளுங்கள். விறகு அடுப்பை ஏற்பீர்களா? வருடக் கட்டணம் எவ்வளவு கூடும்? எந்தப் பரிசோதனை அறிக்கை வேண்டும்? சிலர் 50, 100 டொலர் கூட்டி ஏற்பார்கள். சிலர் முதன்மைச் சூடாக்கியாக விறகு இருந்தால் வேண்டவே வேண்டாம் என்பார்கள். அறிவிக்காமல் வைத்துவிட்டு, தீப்பிடித்த பிறகு அறிவித்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் ‘வெட்’ (WETT) பரிசோதனை. இதில் ஒரு சொற்குழப்பம். ‘இந்த அடுப்பு வெட் சான்று பெற்றது’ என்று விளம்பரத்தில் எழுதுவார்கள். அப்படி ஒன்று கிடையாது. வெட் என்பது ஆட்களுக்குப் பயிற்சியும் சான்றும் கொடுக்கும் அமைப்பு. சான்று பெற்ற ஆள் வந்து, பார்த்து, அன்றைய நிலையை எழுதித் தருவார். ஏற்கெனவே அடுப்புள்ள வீட்டை வாங்கும்போது, விற்பவர் நீட்டும் பழைய அறிக்கையை நம்பாமல், புதுப் பரிசோதனையை ஒப்பந்தத்தில் நிபந்தனையாகப் போடுங்கள். 350 டொலர் பரிசோதனை 5,000 டொலர் புகைபோக்கிச் சிக்கலை வெளியே கொண்டுவரும்.

நகரசபைப் பெர்மிட் தனி. பரிசோதனை இருப்பதால் பெர்மிட் வேண்டாம் என்றோ, பெர்மிட் இருப்பதால் பரிசோதனை வேண்டாம் என்றோ யாராவது சொன்னால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

அதோடு கார்பன் மொனொக்சைட் அலாரம், ஒன்ராறியோவில் விறகு எரிக்கும் வீட்டுக்குச் சட்டப்படி கட்டாயம். 40 டொலர். புது வீடுகள் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருப்பதால், குசினிப் புகையுறிஞ்சியைப் பெரிதாக ஓடவிட்டால் அது வீட்டுக் காற்றை இழுத்து, புகைபோக்கியின் புகையையும் கீழே இழுத்துவிடும். மீன் பொரிக்கும்போது உறிஞ்சியை முழு வேகத்தில் வைக்கும் நம் குசினிகளுக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம். அப்போது பக்கத்து யன்னலை ஓர் அங்குலம் திறந்துவிடுங்கள்.

விறகு: இரண்டு வருடம் முன்னால் யோசிக்க வேண்டிய சாமான்

புஷ் கோர்ட் என்பது 4 அடி உயரம், 4 அடி ஆழம், 8 அடி நீளம், மொத்தம் 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் என்று விற்பது அதே உயரம், அதே நீளம், ஆனால் ஆழம் ஒரு விறகின் நீளம் மட்டும். 16 அங்குல விறகு என்றால் மூன்றில் ஒரு பங்கு. 12 அங்குலம் என்றால் நான்கில் ஒரு பங்கு, பெயர் மட்டும் அதே. கனடாவில் வியாபாரத்துக்கு ஃபேஸ் கோர்ட் சட்டபூர்வ அளவே அல்ல, இருந்தும் எல்லோரும் அதில்தான் விற்கிறார்கள். ‘விறகு எத்தனை அங்குலம்’ என்று கேட்காமல் விலை பேசாதீர்கள்.

அந்த 1,500 சதுர அடி வீட்டுக்கு ஒரு பனிக்காலத்துக்கு 8 கோடி பி.டி.யு. என்று வைத்தால் 5 புஷ் கோர்ட் கிட்ட வேண்டும். 16 அங்குல விறகை 4 அடி உயரத்தில் ஒற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு புஷ் கோர்ட்டுக்கு 24 அடி. ஐந்துக்கு 120 அடி நீள மதில். அடுத்த வருட விறகும் காய்ந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால் இரண்டு மதில். வீடு பார்க்கும்போது இந்த இடத்தையும் பாருங்கள்.

காய்ந்த விறகு என்று விற்பவர் சொல்லும்போது பொய் சொல்வதாக அவர் நினைக்கமாட்டார். மரத்தை இரண்டு வருடத்துக்கு முன் வெட்டியது உண்மை. ஆனால் பிளந்தது போன வாரம். பட்டையோடு முழுத்தடியாகக் கிடக்கும் மரம் மிக மெதுவாகத்தான் காயும். பிளந்த பிறகுதான் காய்தலே தொடங்கும். இரண்டு விறகை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது ‘டங்’ என்று மணி மாதிரிக் கேட்கும், ஈரம் ‘தொப்’ என்று விழும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடும் வெடிப்புகள் இருக்க வேண்டும். இதையும் நம்பாதவர்கள் 40 டொலருக்கு ஈரமானி வாங்கலாம். ஆனால் விறகின் வெளிப்புறத்தில் குத்தினால் எந்த விறகும் காய்ந்ததாகவே காட்டும். ஒரு விறகைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தின் நடுவில் குத்த வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் ஏற்றலாம். 30 காட்டினால் வண்டியோடு திருப்பி அனுப்புங்கள், அல்லது அடுத்த வருடம் எரிக்கும் விறகு என்று விலையைக் குறைத்துப் பேசுங்கள். ஈர விறகில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெப்பமே போகிறது. அதைவிட, அந்த ஆவி குளிர்ந்த குழாயில் புகையோடு சேர்ந்து கீலாகிறது.

மேப்பிளும் ஆஷும் பிளந்து அடுக்கி முழுக் கோடையும் வெயிலும் காற்றும் பட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஓக்குக்கு இரண்டு வருடம், அவசரப்பட்டுப் பயனில்லை. பொப்லர், பைன் இரண்டும் ஒரு கோர்ட்டில் தருவது மேப்பிளின் 60 சதவீதம் அளவே. அவற்றை மேப்பிள் விலைக்கு வாங்காதீர்கள், இலையுதிர்காலத்து லேசான குளிருக்கு வைத்துக்கொள்ளலாம். ஆஷ் மரத்தை அரிக்கும் மரகத வண்டு 2002இல் ஒன்ராறியோவில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து பட்டுப்போன ஆஷ் மரங்கள் ஊரெங்கும் நிற்கின்றன. நல்ல விறகு. ஆனால் வண்டு விறகோடு பயணம் செய்யும், ஆகவே தூரத்துக் கொட்டேஜிலிருந்து காரில் ஏற்றி வராதீர்கள். விறகு எரியும் ஊரிலேயே வாங்குவதுதான் முறை.

அடுக்குவதற்குக் கீழே மரத்தட்டு, மேலே மட்டும் மூடி. தார்ப்பாயால் நாலா பக்கமும் போர்த்தி, பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று நினைத்தால், வசந்தத்தில் திறக்கும்போது காளான் இருக்கும்.

இப்போது கடன் தீரும் கணக்கு. புரோபேனில் 8 கோடி பி.டி.யு. 2,800 டொலர். வாங்கும் விறகில் 1,920. வருடம் 880 மிச்சம். 9,000 போட்ட முதல் திரும்ப 10 வருடம். சொந்த நிலத்து மரம் என்றால் எரிபொருள் விலை ஒன்றுமில்லை, 3, 4 வருடத்தில் முதல் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் சங்கிலி வாள் 600, அதற்கான பாதுகாப்புக் காற்சட்டையும் தலைக்கவசமும் 200, பிளக்கும் இயந்திரம் 1,500க்கு மேல். அதற்குப் பிறகு உங்கள் சனிக்கிழமைகள். பாதுகாப்புக் காற்சட்டையை வாங்காமல் விட்டு மிச்சம் பிடிக்கும் யோசனை வந்தால், வாளையும் வாங்காமல் விடுங்கள்.

வருடா வருடம் போகும் காசு

புகைபோக்கித் துப்புரவு ஆள் வைத்தால் 200 முதல் 350. முதல் வருடம் பனிக்கால நடுவிலும் ஒருமுறை தொப்பியையும் குழாயையும் பாருங்கள். உங்கள் விறகும் எரிக்கும் பழக்கமும் எப்படி என்று குழாய் சொல்லிவிடும். காய்ந்த மெல்லிய சாம்பல் நிறத் தூள் என்றால் நல்லது. கறுப்பாக மினுங்கும் கண்ணாடி மாதிரிப் படிவு என்றால் புகைய விட்டு எரிக்கிறீர்கள். அந்த மினுங்கும் படிவு சாதாரணத் தூரிகைக்கு அசையாது. வெப்பமானி வைத்து எரியுங்கள். இரட்டைச்சுவர்க் குழாய்க்கு வெளியே ஒட்டும் காந்த மானி உள்சூட்டைக் காட்டாது, துளையிட்டு உள்ளே செல்லும் கம்பி வகைதான் வேண்டும்.

கதவைச் சுற்றியுள்ள கயிறு சில வருடங்களில் நசுங்கிவிடும். ஆறிய அடுப்பில் ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்துப் பாருங்கள், இலகுவாக வந்தால் கயிறு மாற்ற நேரம். 40 டொலர். பழைய புத்தகங்களில் இதற்குப் பணத்தாளை வைக்கச் சொல்வார்கள். இன்றைய கனடியத் தாள் பிளாஸ்டிக் என்பதால், அடுப்பு ஆறியதா என்று ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்ப்பது நல்லது.

பழைய பர்னஸைக் கழற்றாதீர்கள். காப்புறுதியும் பெரும்பாலும் அதையே கேட்கும். ஆனால் அதன் தெர்மோஸ்டாட் அடுப்பிருக்கும் அறையில் இருந்தால் பெரிய தொல்லை ஒன்று காத்திருக்கிறது. அடுப்பு அந்த அறையை 24 பாகையில் வைத்திருக்க, பர்னஸ் வேலையே செய்யாது. வீட்டின் மறுகோடியில், வெளிச்சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாய் ஜனவரி இரவில் உறைந்து வெடிக்கும். தெர்மோஸ்டாட்டைப் படுக்கையறைப் பக்கம் இடம் மாற்ற 150, 200 டொலர். தூர அறைக்குச் சூடு போக, சின்ன விசிறியை அந்த அறை வாசலில் தரையில் வைத்து அடுப்பைப் பார்த்து ஊதவிடுங்கள். குளிர்காற்று கீழால் வர, சூடு மேலால் தானாகத் திரும்பிப் போகும். அடுப்புப் பக்கமிருந்து சூட்டைத் தள்ளப் பார்த்தால் நடக்காது.

கடைசியாக மூடியுள்ள ஓர் இரும்பு வாளி, 35 டொலர். சாம்பலுக்குள் தணல் இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். வாளியை மர டெக்கில் வைக்காமல், வீட்டை விட்டு விலகி, கொங்கிரீட்டிலோ வெறும் மண்ணிலோ வையுங்கள். ஆறிய சாம்பலை அப்புறம் தோட்டத்துக்கு அளவோடு போடலாம். உருளைக்கிழங்குப் பாத்திக்கும் புளூபெரிக்கும் மட்டும் வேண்டாம், இரண்டுக்கும் சுண்ணாம்புத் தன்மை ஆகாது.